செல் சுவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தாவர, விலங்கு செல்களின் அடிப்படை அமைப்பு

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வுச் செய்தி பலரைக் குழப்பியது. டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சச்சிஹிரோ மட்சுனாகா தலைமையிலான குழு, ஹாம்ஸ்டர் என்ற சிறிய கொறிவிலங்கின் செல்களுக்குள் ஒரு பாசியின் பசுங்கணிகங்களை, அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் உள்ளமைப்புகளை, கொண்டுபோய்ச் சேர்த்தது. உள்ளே போன பிறகும் அவற்றில் ஒளிச்சேர்க்கையின் தொடக்கக் கட்டம் இரண்டு நாள் வரை நடந்தது. அப்படியானால் விலங்கு செல் தாவர செல்லாகிவிட்டதா? வெயிலில் நின்றாலே பசி அடங்கும் காலம் வரப்போகிறதா?

இரண்டுக்கும் பதில் 'இல்லை'. ஏன் இல்லை என்று புரிய, செல்லின் அமைப்பை அடியிலிருந்து பார்க்க வேண்டும். பள்ளியில் நாம் எல்லாரும் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்திருப்போம். தாவர செல்லில் செல் சுவர் உண்டு, விலங்கு செல்லில் இல்லை. பசுங்கணிகம் உண்டு, இல்லை. பெரிய வாக்குவோல் (நீர் நிறைந்த பை) உண்டு, இல்லை. சென்ட்ரியோல் (செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் இழைகளோடு தொடர்புள்ள சிறு குழல்) இல்லை, உண்டு. அதில் பெரிய பிழை எதுவும் கிடையாது. ஆனால் அந்த வரிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல வரிசையில் நிற்கின்றன. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை செல் சுவர் என்ற ஒரே வரியிலிருந்து கிளைத்தவை. பசுங்கணிகம் மட்டும் தனிக் கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

## முதலில், இரண்டுக்கும் பொதுவானவை

வேறுபாடுகளைப் பட்டியலிடும் அவசரத்தில் நாம் மறந்துவிடுவது, தாவர செல்லும் விலங்கு செல்லும் பெரும்பாலும் ஒன்றுபோலவே வேலை செய்கின்றன என்பதை. இரண்டும் உட்கரு உள்ள செல்கள். உள்ளே தனித்தனிச் சவ்வுகளால் பிரிக்கப்பட்ட அறைகள் உண்டு. தனி வேலை பார்க்கும் இந்த உள்ளமைப்புகளுக்குத்தான் நுண்ணுறுப்புகள் என்று பெயர்.

1. செல் சவ்வு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து உருவாக்கும் படலம். தடிமன் 5 முதல் 10 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஒரு லட்சம் சவ்வுகளையாவது அடுக்கிவிடலாம். இது கெட்டியான தோல் அல்ல. கொழுப்பு மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அவற்றினிடையே புரதங்கள் மிதக்கும். 1972இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் முன்வைத்த இந்தப் படம்தான் சில திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது. நீர் இதைக் கடந்துவிடும். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளும் சர்க்கரையும் அப்படிக் கடக்க முடியாது. அதற்கென்று உள்ள புரதங்கள் வழிவிட்டால்தான் உண்டு. இந்த ஒரு பண்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதி இதன் மேல்தான் நிற்கிறது.

2. உட்கரு. டிஎன்ஏ இருக்கும் இடம். மனித செல் ஒன்றிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும். அது சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது. உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு, அதில் ஏராளமான துளைகள். டிஎன்ஏ வெளியே வராது. அதிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ மட்டும் துளை வழியாக வெளியேறும்.

3. ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். ரைபோசோம் ஆர்என்ஏயைப் படித்துப் புரதம் கோர்க்கிறது. வெளியே போகவோ சவ்வில் பதியவோ வேண்டிய புரதங்கள் எண்டோபிளாச வலைக்குள் நுழைந்து மடிப்புப் பெறும். அப்புறம் சிறு பைகளில் கோல்கை உறுப்புக்குப் போய், மேலும் சில மாற்றங்களுக்கு உட்பட்டு, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பப்படும்.

4. மைட்டோகாண்ட்ரியா. உணவிலுள்ள ஆற்றலை, செல் நேரடியாகச் செலவிடக்கூடிய ஏடிபி என்ற மூலக்கூறாக மாற்றுவது. தாவர செல்லிலும் உண்டு. இதை இங்கேயே அடிக்கோடிட்டுவிடுகிறேன். 'தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா' என்று பாதிப் பாதியாகப் பிரித்து நினைவில் வைத்திருப்பவர்கள் நிறைய. பசுங்கணிகம் தயாரிக்கும் சர்க்கரையை ஏடிபியாக்கத் தாவரத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும். இரவில் வேண்டும், வேரில் எப்போதும் வேண்டும்.

5. சைட்டோபிளாசம். சவ்வுக்கும் உட்கருவுக்கும் இடைப்பட்ட பகுதி முழுவதும். பாடப்படங்களில் வெற்றிடம் போலத் தெரியும். உண்மையில் புரத மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம் அது. ஊடே புரத இழைகளால் ஆன ஒரு சட்டகமும் ஓடுகிறது. பொருள்கள் இந்த இழைகளைப் பிடித்துக்கொண்டுதான் இடம்பெயர்கின்றன.

## நுண்ணோக்கியில் பார்த்தால்

வெங்காயத்தின் உட்புறத் தோலிலிருந்து ஒரு மெல்லிய படலத்தை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். செங்கல் அடுக்கியது போன்ற நீள்சதுரங்கள், கோடு போட்டது போன்ற எல்லைகள். ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டு மஞ்சள்-பழுப்பு நிறத்தில் உட்கரு. நடுப்பகுதி வெறுமையாகத் தெரியும்.

அடுத்து, கன்னத்தின் உட்புறத்தை ஒரு குச்சியால் மெதுவாக வழித்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒழுங்கற்ற வடிவத்தில், ஓரங்கள் மடிந்து, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடக்கும் தட்டையான செல்கள். உட்கரு பெரும்பாலும் நடுப்பக்கமாகக் கருநீலத்தில் இருக்கும். எல்லை எங்கே முடிகிறது என்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று தெரிவதால்தான் வரலாறும் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தபோது அவர் கண்டது உயிருள்ள எதையும் அல்ல; செத்துப்போன தாவர செல்களின் வெற்றுச் சுவர்களை. தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று ஷ்லைடன் 1838இல் சொன்னார். விலங்குகளும் அப்படித்தான் என்று ஷ்வான் 1839இல் எழுதினார். தெளிவான சுவர் இல்லாத விலங்குத் திசுவில் செல்லைத் தனித்தனியாகப் பிரித்தறிவது அந்தக் கால நுண்ணோக்கிகளுக்குக் கடினமாகவே இருந்தது.

சாதாரண ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நல்லதானாலும் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. சவ்வையும் ரைபோசோமையும் நேரில் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை, அதாவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

## பிரச்சினை நீரில் தொடங்குகிறது

செல்லுக்குள் புரதம், சர்க்கரை, அயனிகள் என்று கரைபொருள்கள் நிறைய. சவ்வு அவற்றை உள்ளே பிடித்துவைக்கிறது; நீரை மட்டும் விடுகிறது. இப்படிப்பட்ட சவ்வின் இருபுறமும் கரைபொருள் செறிவு வேறுபட்டால், குறைந்த செறிவுள்ள பக்கத்திலிருந்து நீர் அதிகச் செறிவுள்ள பக்கத்துக்குப் போகும். இதற்குச் சவ்வூடுபரவல் என்று பெயர்.

இதன் விளைவு சாதாரணமானது அல்ல. நல்ல தண்ணீரில் வைத்த செல்லுக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும். சவ்வு சற்றுத்தான் விரியும், பிறகு கிழியும். இந்த ஆபத்துக்குத் தாவரமும் விலங்கும் வேறுவேறு தீர்வு கண்டன.

தாவரத்தின் வழி: நீர் வரட்டும், தடுக்கத் தேவையில்லை, வெளியே ஒரு பலமான சுவர் இருந்தால் போதும். சைக்கிள் டயரையும் அதற்குள் இருக்கும் டியூபையும் நினைத்துக்கொள்ளுங்கள். டியூபைத் தனியாக எடுத்துக் காற்றடித்தால் ஒரு கட்டத்தில் வெடிக்கும். டயருக்குள் இருந்தால் அதே காற்று அதற்குக் கெட்டித்தன்மை தருகிறது. சவ்வு டியூப், சுவர் டயர். தாவர செல்லில் இரண்டும் உண்டு என்பதைக் கவனியுங்கள். சுவர் இருப்பதால் சவ்வு இல்லை என்று எண்ணுவது தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

சுவரின் முக்கியப் பொருள் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோர்த்து, அந்தச் சங்கிலிகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்த இழை. அடுத்தடுத்த செல்களின் சுவர்களை ஒட்டவைப்பது பெக்டின். மரமாகும் திசுக்களில் லிக்னின் என்ற பொருளும் சேர்ந்து சுவரை இறுக்கிவிடும்.

உள்ளே வந்த நீர் சுவரை அழுத்தும் அழுத்தம்தான் விறைப்பழுத்தம். வளிமண்டல அழுத்தத்தைப் போல் 3 முதல் 10 மடங்கு என்பது இதில் சாதாரணம். மரத்தன்மை இல்லாத செடி நிமிர்ந்து நிற்பதற்கு எலும்பு எதுவும் காரணம் இல்லை, இந்த அழுத்தமே காரணம். நீர் குறைந்தால் செடி துவள்வதும் அதனால்தான். இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்பு செல்கள் நீர் ஏறினால் வளைந்து துளையைத் திறக்கும். நீர் இறங்கினால் மூடும்.

முன்பு சொன்ன வெங்காயத் தோலில் ஒரு சொட்டு அடர்த்தியான உப்புக் கரைசலை விட்டால் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சில நிமிடங்களில் சவ்வு சுவரை விட்டுப் பிரிந்து உள்நோக்கிச் சுருங்கும். சுவர் மட்டும் பழைய நீள்சதுரமாகவே நிற்கும். இதற்குப் பிளாஸ்மோலைசிஸ் என்று பெயர். சுவரும் சவ்வும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை. நிறமுள்ள சிவப்பு வெங்காயத் தோல் என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். உப்பைக் கழுவி நல்ல நீர் விட்டால், செல் இன்னும் உயிரோடு இருக்கும்பட்சத்தில், சவ்வு மீண்டும் விரிந்து சுவரைத் தொடும்.

விலங்கின் வழி: சுவர் வேண்டாம், உள்ளும் வெளியும் செறிவைச் சமமாக வைத்துக்கொண்டால் நீர் புகாது. இதற்கு இடைவிடாத உழைப்பு தேவை. சவ்விலுள்ள ஒரு புரதம், ஏடிபி ஒன்றைச் செலவழித்து, மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. யென்ஸ் ஸ்கோ 1957இல் கண்டறிந்த இந்தப் பம்பு கணம் தவறாமல் ஓடுகிறது. செல்லின் ஆற்றலில் கணிசமான பங்கு இதற்கே போகிறது. அதோடு, பல செல் விலங்குகள் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தின் உப்பளவையும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. மனிதனில் அந்த வேலையின் பெரும்பகுதி சிறுநீரகத்துடையது.

இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் வெடித்துவிடும். தாவர செல்லுக்கு அந்தத் தூய நீர் ஒன்றும் செய்யாது, விறைத்து நிற்கும். நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தூய நீராக இல்லாமல் 0.9 சதவீத உப்புக் கரைசலாக இருப்பதன் காரணம் இதுவே.

நன்னீரில் வாழும் அமீபாவும் பாரமீசியமும் இந்த இரண்டு வழியிலும் சேராதவை. சுவரும் இல்லை, வெளிநீரைக் கட்டுப்படுத்தவும் முடியாது. உள்ளே வரும் நீரைச் சுருங்கும் வாக்குவோல் என்ற பையில் சேர்த்துச் சேர்த்து வெளியே கொட்டிக்கொண்டே இருக்கின்றன.

## சுவருக்குக் கொடுத்த விலை

சுவர் நீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. ஆனால் அதோடு பல கதவுகளையும் மூடிவிட்டது. அட்டவணையின் மற்ற வரிகள் இங்கிருந்துதான் வருகின்றன.

1. நகர முடியாது. தாவர செல் பிறந்த இடத்திலேயே, பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை இருக்கிறது. விலங்கு செல் வளையும், நெளியும், ஊர்ந்து போகும். தசை சுருங்குவதும் கருவில் செல்கள் இடம்பெயர்ந்து உறுப்புகள் உருவாவதும் வெள்ளையணு காயத்தை நோக்கி ஓடுவதும் சுவர் இல்லாததால் கிடைத்த சலுகைகள். இந்தச் சலுகைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. புற்றுச் செல்கள் ஓரிடத்திலிருந்து கிளம்பி வேறிடத்தில் குடியேறுவதும் இதே சுதந்திரத்தால்தான். தாவரத்திலும் கட்டிகள் வரும். அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா தண்டின் அடியில் முண்டு முண்டாகக் கட்டி உண்டாக்கும். ஆனால் அந்தக் கட்டியின் செல்கள் பிய்த்துக்கொண்டு வேறு கிளைக்குப் பயணம் போவதில்லை.

2. விழுங்க முடியாது. விலங்கு செல் தன் சவ்வை நீட்டி ஒரு பாக்டீரியாவையே வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே இழுத்ததைச் செரிக்க லைசோசோம் என்ற, அமில நொதிகள் நிறைந்த பை உண்டு. 1955இல் கிறிஸ்டியன் டி டூவ் குழு இனங்கண்டது. இந்த நொதிகளில் ஒன்று பிறவியிலேயே இல்லாவிட்டால், செரிக்காத கழிவு செல்லில் குவியும். டே-சாக்ஸ் நோய் அப்படிப்பட்டது. சுவருக்குள் இருக்கும் தாவர செல்லுக்கு விழுங்கும் வேலை இல்லை. தன் சொந்தக் கழிவைச் சிதைக்கும் வேலை மட்டும் உண்டு, அதைப் பெரும்பாலும் வாக்குவோல் பார்த்துக்கொள்கிறது.

3. கிள்ளிப் பிரிய முடியாது. விலங்கு செல் இரண்டாகும்போது, நடுவில் ஒரு புரத வளையம் இறுகி இறுகிச் செல்லைக் கிள்ளிப் பிரிக்கும். விறைப்பான சுவரை அப்படிக் கிள்ள முடியாது. எனவே தாவர செல் உள்ளிருந்து வெளியாகப் பிரிகிறது: கோல்கை உறுப்பிலிருந்து வரும் சிறு பைகள் நடுவில் வரிசையாகச் சேர்ந்து ஒரு தட்டாகி, அந்தத் தட்டு இருபுறச் சுவரையும் எட்டி, புதிய சுவராகிவிடும்.

4. பக்கத்துச் செல்லோடு பேச வழி வேண்டும். சுவர்களைத் துளைத்துச் செல்லும் நுண்கால்வாய்கள் தாவரத்தில் உண்டு, பெயர் பிளாஸ்மோடெஸ்மா. இவற்றின் வழியாக ஒரு செல்லின் சைட்டோபிளாசம் அடுத்த செல்லின் சைட்டோபிளாசத்தோடு நேரடியாகத் தொடர்ந்திருக்கிறது. தாவர வைரஸ்கள் செல்விட்டுச் செல் பரவுவதும் இந்தப் பாதையில்தான்.

சுவர் இல்லாத விலங்குத் திசு எப்படிக் கலையாமல் நிற்கிறது? செல்கள் தங்களைச் சுற்றி வெளியே நெய்துகொள்ளும் புரத வலை அதைப் பிடித்துவைக்கிறது. அதன் தலைமைப் பொருள் கொலாஜன். இது சுவருக்குப் பதிலி அல்ல. செல் இதன் மேல் ஊரலாம், இதை அறுக்கலாம், மறுபடி நெய்யலாம்.

## நடுவில் அந்த வெற்றிடம்

வெங்காயச் செல்லின் நடுவில் வெறுமையாகத் தெரிந்தது வாக்குவோல். சவ்வால் மூடிய, நீரும் கரைபொருளும் நிறைந்த பை. முதிர்ந்த தாவர செல்லின் கனஅளவில் 80, 90 சதவீதம்கூட இது பிடித்துக்கொள்ளும். உட்கருவும் சைட்டோபிளாசமும் ஓரத்துக்குத் தள்ளப்படுவது இதனால்தான். உட்கரு தானாக ஓரத்தைத் தேடிப் போகவில்லை.

இவ்வளவு இடத்தை நீருக்குக் கொடுப்பது வீண் போலத் தோன்றும். ஆனால் இதில் பெரிய சிக்கனம் இருக்கிறது. விலங்கு செல் பெரிதாக வேண்டுமானால் புரதம் முதலானவற்றைப் புதிதாகத் தயாரித்தாக வேண்டும், அது செலவு. தாவர செல் சுவரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வாக்குவோலில் நீரை ஏற்றிக்கொண்டால் போதும், பல மடங்கு பெரிதாகிவிடும். தளிர் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும்படி நீள்வது செல்கள் பெருகுவதால் மட்டும் அல்ல, இருக்கும் செல்கள் நீரால் நீள்வதாலும்தான்.

இன்னொரு லாபமும் உண்டு. செல் பெரிதாகப் பெரிதாக அதன் கனஅளவு வேகமாகக் கூடும், மேற்பரப்பு அதற்கு ஈடுகொடுக்காது. பக்கம் 1 அலகு உள்ள கனசதுரத்தில் கனஅளவு 1, மேற்பரப்பு 6. பக்கத்தை இரட்டிப்பாக்கினால் கனஅளவு 8, மேற்பரப்பு 24தான். விகிதம் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. உள்ளே உள்ள சரக்குக்கு வேண்டிய ஆக்சிஜனும் உணவும் மேற்பரப்பு வழியாகத்தானே வர வேண்டும்? விலங்கு செல்கள் பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரோமீட்டர் அளவில் நின்றுவிட இது முக்கியக் காரணம். தாவர செல்லில் உயிர்ப்பான சைட்டோபிளாசம் ஓரத்தில் மெல்லிய அடுக்காக இருப்பதால், 100 மைக்ரோமீட்டரைத் தாண்டியும் சமாளிக்கிறது.

நீர்ச்செடியான ஹைட்ரில்லாவின் இலை ஒன்றை அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் இந்த மெல்லிய அடுக்கு ஓடுவதைப் பார்க்கலாம். பசுங்கணிகங்கள் வரிசையாகச் செல்லின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அவை தாமாக நீந்துவதில்லை, சைட்டோபிளாச ஓட்டம் அவற்றை இழுத்துப்போகிறது.

## வெளியிலிருந்து வந்த இரண்டு நுண்ணுறுப்புகள்

பசுங்கணிகம் சுவரோடு சேர்ந்த கதை அல்ல என்றோம். காளான்களுக்கும் செல் சுவர் உண்டு, பசுங்கணிகம் கிடையாது. அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் மற்ற நுண்ணுறுப்புகளைப் போன்றவை அல்ல. இரண்டுக்கும் இரட்டைச் சவ்வு. இரண்டுக்கும் சொந்த டிஎன்ஏ, பெரும்பாலும் பாக்டீரியாவுடையது போல வளையமாக. சொந்த ரைபோசோம், அதுவும் சைட்டோபிளாசத்தில் உள்ளதைப் போல் அல்ல, பாக்டீரியாவின் ரைபோசோமை ஒத்தது. செல் இவற்றைப் புதிதாகக் கட்டுவதில்லை. ஏற்கெனவே உள்ளவை பிரிந்துதான் பெருகுகின்றன. இவை ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்கள், பெரிய செல்லுக்குள் புகுந்து நிலைத்துவிட்டன என்ற கருத்தை லின் மார்குலிஸ் 1967இல் வலுவாக முன்வைத்தார். முதலில் பலர் ஏற்கவில்லை. டிஎன்ஏ ஒப்பீடுகள் வந்த பிறகு இது பாடநூல் அறிவாகிவிட்டது.

வரிசை முக்கியம். மைட்டோகாண்ட்ரியா முதலில் வந்தது, தாவரத்துக்கும் விலங்குக்கும் பொதுவான மூதாதைச் செல்லுக்கு. அதனால் இரண்டிலும் இருக்கிறது. பசுங்கணிகம் பிறகு வந்தது, பாதை பிரிந்த பின் தாவர வழியில் நின்ற செல்லுக்கு மட்டும். அதன் மூதாதை ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பச்சை பாக்டீரியா. அட்டவணையில் ஒரு வரி இரண்டு பக்கமும் 'உண்டு' என்றும் அடுத்த வரி ஒரு பக்கம் மட்டும் 'உண்டு' என்றும் இருப்பதற்கான விளக்கம் இவ்வளவுதான்.

உள்ளே தங்கியவை காலப்போக்கில் தம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை இழந்தன, அல்லது உட்கருவிடம் விட்டுக்கொடுத்தன. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏயில் இன்று மிஞ்சியிருப்பவை 37 மரபணுக்கள். நிலத்தாவரங்களின் பசுங்கணிகத்தில் நூறு சொச்சம். ஆனால் ஒரு பசுங்கணிகம் இயங்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் வேண்டும். மிச்சமெல்லாம் உட்கருவின் கட்டளையில் சைட்டோபிளாசத்தில் தயாராகி, பசுங்கணிகத்தின் சவ்வு வழியாக உள்ளே அனுப்பப்படுகின்றன.

## ஹாம்ஸ்டர் செல்லில் நடந்தது என்ன?

இப்போது செய்தியைப் படித்தால் ஒவ்வொரு துண்டும் இடத்தில் விழும்.

1. எப்படி உள்ளே போனது? செல்லைத் துளைத்துத் திணிக்கவில்லை. பிரித்தெடுத்த பசுங்கணிகங்களை வளர்ப்புத் திரவத்தில் கலந்து வைத்தபோது, செல்கள் தாமே விழுங்கிக்கொண்டன. சுவர் இல்லாததால் விலங்கு செல்லுக்குள்ள திறமையே இங்கு கைகொடுத்தது.

2. என்ன நடந்தது? ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் கைமாறும் முதல் கட்டம் நடந்ததை அளந்தார்கள். சர்க்கரை தயாராகி ஹாம்ஸ்டர் செல்லுக்கு உணவானதாக யாரும் சொல்லவில்லை.

3. ஏன் நீடிக்கவில்லை? ஒளியைப் பிடிக்கும் புரதங்கள் ஒளியாலேயே பழுதாகிக்கொண்டிருக்கும். பழுதைச் சரிசெய்யத் தேவையான புரதங்களில் பல, பாசியின் உட்கருவில் எழுதப்பட்டவை. ஹாம்ஸ்டர் உட்கருவுக்கு அவற்றைத் தயாரிக்கத் தெரியாது. தயாரித்தாலும் பசுங்கணிகத்துக்கு அனுப்பும் முகவரி முறை தெரியாது. போதாததற்கு, விழுங்கியதைச் செரிப்பது விலங்கு செல்லின் வழக்கம்.

4. பிறகு எதற்கு இந்த ஆய்வு? ஆய்வகத்தில் திசுக்களைத் தடிமனாக வளர்க்கும்போது உள் அடுக்குகளுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. ஒளி பட்டால் ஆக்சிஜன் விடும் செல்களை நடுவில் கலக்க முடிந்தால் உதவும் என்பது குழு சொன்ன நோக்கம். பசியாற்றுவது நோக்கமே அல்ல.

எலிசியா குளோரோட்டிகா என்ற கடல் நத்தை இதைத் தானாகவே செய்கிறது. தின்ற பாசியின் பசுங்கணிகங்களைச் செரிக்காமல் தன் குடல் செல்களில் மாதக்கணக்கில் வைத்திருக்கும். இலை போலவே பச்சையாக இருக்கும். அவற்றிலிருந்து அதற்கு உண்மையில் எவ்வளவு உணவு கிடைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

வெளியிலிருந்து வந்தது எப்போது 'உறுப்பு' ஆகிறது? விருந்தோம்பும் செல்லின் உட்கரு தயாரிக்கும் புரதங்களை அது வாங்கிக்கொண்டு, செல்லோடு ஒத்திசைந்து பிரியும்போது. 2024 ஏப்ரலில் கடலில் வாழும் ஒரு நுண்பாசியில், காற்றின் நைட்ரஜனை உயிர்கள் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றும் (நிலைநிறுத்தும்) நுண்ணுறுப்பு இருப்பதாக அறிவித்தவர்கள் இந்த அளவுகோலையே வைத்தார்கள். அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டார்கள். ஹாம்ஸ்டர் செல்லில் இருந்த பசுங்கணிகம் இந்த அளவுகோலில் தேறாது.

## மருந்துக் கடைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு

செல் அமைப்பைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் போதும். பாக்டீரியாவுக்கும் செல் சுவர் உண்டு, ஆனால் அது செல்லுலோஸ் அல்ல. பெப்டிடோகிளைக்கன் என்ற வேறு பொருள். பென்சிலின் அந்தச் சுவரைப் பின்னும் வேலையைக் கெடுக்கிறது. சுவர் பலவீனமானால் பாக்டீரியா தன் சொந்த நீரழுத்தத்தால் கிழிந்துபோகும். நம் செல்லில் அப்படியொரு சுவரே இல்லாததால் மருந்துக்கு அங்கே பிடித்து இழுக்க எதுவும் கிடையாது.

டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை பாக்டீரியாவின் ரைபோசோமைக் குறிவைக்கின்றன. நம் சைட்டோபிளாசத்து ரைபோசோம் வேறு அமைப்பு என்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் பாக்டீரியா வழி வந்ததாயிற்றே? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏயில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகளால் செவித்திறன் போய்விடுவதற்கு இந்த ஒற்றுமையே காரணம்.

## அட்டவணை ஏமாற்றும் இடங்கள்

- எல்லாத் தாவர செல்லிலும் பசுங்கணிகம் இருக்காது. வேரில் இல்லை. நுண்ணோக்கியில் நாம் வைத்த வெங்காயத் தோலிலும் இல்லை. பல இடங்களில் அதன் உறவினர்கள் இருக்கும்: மாவுச்சத்தைச் சேமிக்கும் கணிகம் கிழங்கில், மஞ்சள் சிவப்பு நிறமிகளை வைத்திருக்கும் கணிகம் பழத்தில்.

- சென்ட்ரியோல் வரியும் முழு உண்மை அல்ல. பூக்கும் தாவரங்களில் இல்லை, சரி. ஆனால் மாஸ் எனப்படும் பாசிச்செடிகளும் பெரணிகளும் நீந்தும் ஆண் செல்லை உருவாக்கும்போது சென்ட்ரியோலை வரவழைத்துக்கொள்கின்றன. நீந்த உதவும் வால் போன்ற கசையிழைக்கு அடித்தளம் வேண்டுமே. சென்ட்ரியோல் இல்லாமலே பூக்கும் தாவரங்களின் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

- சேமிப்பு. தாவரம் மாவுச்சத்தாக, விலங்கு கிளைக்கோஜனாக. இரண்டுமே குளுக்கோஸ் சங்கிலிகள்தான். கிளைகளின் நெருக்கத்தில் வேறுபாடு.

- உட்கரு எல்லா செல்லிலும் இருக்கும் என்பதும் சரியல்ல. பாலூட்டிகளின் இரத்தச் சிவப்பணு முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. ஹீமோகுளோபினுக்கு இடம் கிடைக்கிறது, பதிலுக்கு மனிதனில் சுமார் 120 நாள் ஆயுள்தான். தாவரத்தில் நீரைக் கொண்டுசெல்லும் சைலக் குழாய்களின் செல்கள் வேலையைத் தொடங்குவதே செத்த பிறகுதான். உள்ளே எதுவும் இல்லாத சுவர்கள் மட்டும். உணவைக் கொண்டுசெல்லும் சல்லடைக் குழாயின் செல்லோ உயிருள்ளது, ஆனால் உட்கரு இல்லை, ரைபோசோமும் இல்லை. ஒட்டியிருக்கும் துணை செல், பிளாஸ்மோடெஸ்மா வழியாக அதற்கு வேண்டிய புரதங்களைத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது.